பில்லில் யார் பெயர்?

29 யூரோ என்று விலை போட்டிருக்கிறீர்கள். ஹங்கேரியிலிருந்து ஒருவர் உங்கள் மென்பொருளை வாங்குகிறார். கார்டுக் கட்டணம் போக மீதிப் பணம் அப்படியே உங்கள் கணக்கில் ஏறிவிட்டது. இந்த இடத்தில்தான் கொஞ்சம் பயப்பட வேண்டும். அந்த 29-இல் 6 யூரோ 17 சென்ட் உங்கள் பணம் இல்லை, ஹங்கேரி அரசின் பணம். அங்கே வாட் 27 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே அதிகம். வரி சேர்ந்த விலை 29 என்றால் 1.27-ஆல் வகுத்துப் பாருங்கள், 22 யூரோ 83 சென்ட் நிற்கும். உங்களுடையது அவ்வளவுதான். மீதியை யார் வசூலித்தார், யார் கட்டினார், கட்டாவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்பதுதான் இந்த அத்தியாயம்.

"நான் இருப்பது கோயம்புத்தூரில், ஹங்கேரிக்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. கட்டுவது நீங்கள் இல்லை, வாங்குபவர். நீங்கள் வசூலித்துக் கொடுக்கும் ஆள். வாட், ஜி.எஸ்.டி., அமெரிக்காவின் சேல்ஸ் டாக்ஸ் எல்லாமே நுகர்வு வரிகள். பொருளை எங்கே பயன்படுத்துகிறார்களோ அந்த ஊர் அரசுக்குப் போகும். செருப்பும் சேலையும் எல்லையில் கஸ்டம்ஸைத் தாண்டிப் போகின்றன, அங்கேயே பிடித்துவிடலாம். டவுன்லோடுக்குக் கஸ்டம்ஸ் ஏது? அதனால் விற்பவரையே பிடிப்பது என்று ஒவ்வொரு நாடாக முடிவு செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 ஜனவரி 1 முதல் இதுதான் விதி.

அங்கே உள்ளூர்ச் சிறு விற்பனையாளருக்கு ஒரு சலுகை உண்டு: பிற உறுப்பு நாடுகளுக்கு விற்பது ஆண்டுக்கு 10,000 யூரோவைத் தாண்டும்வரை தன் நாட்டு வரியையே போடலாம். வெளிநாட்டிலிருந்து விற்கும் உங்களுக்கும் எனக்கும் அந்த வரம்பு கிடையாது. தனிநபருக்கு விற்கும் முதல் லைசென்ஸிலிருந்தே கடமை தொடங்குகிறது. பிரிட்டனிலும் அப்படித்தான். அங்கே நிறுவனம் வைத்திருப்பவருக்கு 90,000 பவுண்டுவரை பதிவு வேண்டாம். வெளியிலிருந்து தனிநபருக்கு டிஜிட்டல் சரக்கு விற்பவருக்கு முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம்.

தானே செய்ய நினைப்பவருக்கு வழி இல்லாமல் இல்லை. ஒரே ஓர் உறுப்பு நாட்டில் பதிவு செய்துகொண்டால் 27 நாட்டுக்கும் சேர்த்துக் காலாண்டுக்கு ஒரு படிவம் தாக்கல் செய்யலாம். ஒன் ஸ்டாப் ஷாப் என்று பெயர். ஆங்கிலத்தில் வேலை நடக்கும் என்பதால் பலர் அயர்லாந்தைப் பிடிக்கிறார்கள். ஆனால் வாங்கியவர் எந்த நாட்டவர் என்பதற்கு ஒன்றோடொன்று முரண்படாத இரண்டு சான்றுகள் வேண்டும்: பில் முகவரி, ஐ.பி. முகவரி, கார்டு கொடுத்த வங்கியின் நாடு என்பது போல. அவற்றைப் பத்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஜெர்மனிக்கு 19, பிரான்சுக்கு 20, அயர்லாந்துக்கு 23, லக்சம்பர்குக்கு 17 என்று விகிதங்கள் நாட்டுக்கு நாடு வேறு, அவையும் மாறாமல் நிற்பவை அல்ல.

அமெரிக்கா இன்னொரு காடு

அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் ஒரே விற்பனை வரி என்று ஒன்று இல்லை. 45 மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் தனித்தனியாக வசூலிக்கின்றன. அவற்றுக்குள் கவுண்டி, நகரம் என்று கிளைகள். அலாஸ்கா, டெலவேர், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர், ஓரிகன் ஆகிய ஐந்தில்தான் மாநில விற்பனை வரி இல்லை. அலாஸ்காவில்கூடச் சில ஊர்கள் தனியாக வாங்குகின்றன.

2018 ஜூன் 21 வரை, ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ ஆளோ இல்லாத வியாபாரியை அந்த மாநிலம் வரி வசூலிக்கச் சொல்ல முடியாமல் இருந்தது. 1992-இல் வந்த குவில் தீர்ப்பு அப்படி. சவுத் டகோட்டா மாநிலம் வேஃபேர் என்ற மரச்சாமான் விற்கும் நிறுவனத்தோடு வழக்காடி, உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை மாற்றிவிட்டது. இப்போது ஆள் இல்லாவிட்டாலும் விற்பனை அளவு போதும். பல மாநிலங்களில் வரம்பு ஆண்டுக்கு 1,00,000 டாலர். கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் 5,00,000.

சின்னக் கடைக்கு இந்த வரம்பு ஒரு நிம்மதி. எல்லா மாநிலமும் சேர்ந்து ஆண்டுக்கு 60,000 டாலர் விற்பவர் எந்த மாநிலத்தின் தொகை வரம்பையும் தொடப்போவதில்லை. அவருக்கு உடனடிக் கவலை ஐரோப்பாவும் பிரிட்டனும்தான். வெளிநாட்டுக் கடைக்காரர் மனதில் முதலில் வருவதோ அமெரிக்கா. பயத்தை இடம் மாற்றி வைத்திருக்கிறோம்.

வரம்பைத் தாண்டினாலும், உங்கள் சரக்குக்கு வரி உண்டா என்பதே மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பிரவுசரில் ஓடும் சந்தா மென்பொருளுக்குக் கலிஃபோர்னியாவில் வரி இல்லை. பென்சில்வேனியாவில் 6 சதவீதம் உண்டு. டெக்சஸ் அதை டேட்டா பிராசஸிங் சேவை என்று வகைப்படுத்தி, 20 சதவீதத் தொகையைத் தள்ளிவிட்டு மீதி 80-க்கு மட்டும் வரி கேட்கிறது. இன்னொன்று: இந்தியா–அமெரிக்கா இரட்டை வரி ஒப்பந்தம் இங்கே காப்பாற்றாது. அது வருமான வரிக்கான ஒப்பந்தம். விற்பனை வரி மாநிலங்களின் சங்கதி.

எடைமேடையும் வியாபாரியும்

பணம் வாங்கித் தரும் நிறுவனங்கள் எல்லாமே விளம்பரத்தில் "வரியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற தொனியில்தான் பேசும். பார்த்துக்கொள்வதில் மூன்று அளவு இருக்கிறது.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டுபோகிறீர்கள் என்று வையுங்கள். வேன்காரர் கொண்டுபோய் இறக்குவார். விலையோ எடையோ அவருக்குத் தெரியாது. எடைமேடைக்காரர் இத்தனை கிலோ என்று சரியாகச் சீட்டு எழுதித் தருவார். அதற்குமேல் அவர் வேலை இல்லை. மூன்றாமவர் வியாபாரி. உங்கள் பெட்டிகளை விலை பேசி எடுத்துக்கொண்டு, தன் பில் புத்தகத்தில் எழுதி, கேரளாவுக்கு லாரி ஏற்றுவார். அந்தப் பக்கம் வாங்குபவருக்கு விற்றவர் அவர். நீங்கள் யார் என்றே தெரியாது.

சாதாரண பேமெண்ட் கேட்வே என்பது வேன். வாங்கிய பணத்தைக் கட்டணம் கழித்துக்கொண்டு கொடுக்கும், வரி அதன் கவலை இல்லை. ஸ்ட்ரைப் நிறுவனம் 2021-இல் கொண்டுவந்த ஸ்ட்ரைப் டாக்ஸ், அதற்கு முன்பே இருந்த அவலாரா, டாக்ஸ்ஜார் போன்றவை எடைமேடை. எந்த ஊருக்கு எந்தச் சரக்குக்கு எவ்வளவு வரி என்று கச்சிதமாகச் சொல்லும், செக்-அவுட்டில் சேர்த்தும் வாங்கித் தரும், வரம்பை நெருங்கினால் எச்சரிக்கும். தாக்கல் செய்துதரக்கூட ஆள் கிடைக்கும். ஆனால் பதிவு உங்கள் பெயரில், கையெழுத்து உங்களுடையது, தப்பு நடந்தால் நோட்டீசும் உங்களுக்கு.

மூன்றாவது வகைக்குப் பெயர் மெர்ச்சண்ட் ஆஃப் ரெக்கார்ட். தொழிலில் உள்ளவர்கள் எம்.ஓ.ஆர். என்கிறார்கள். லண்டனின் பேடில், கலிஃபோர்னியாவின் ஃபாஸ்ட்ஸ்பிரிங், 2024 ஜூலையில் ஸ்ட்ரைப் வாங்கிய லெமன் ஸ்குவீஸி ஆகியவை இந்த ரகம். கம்ரோட் 2025 ஜனவரி 1-லிருந்து இதற்கு மாறியது. சட்டத்தின் கண்ணில் இவர்கள் உங்களிடம் வாங்கி வாடிக்கையாளருக்கு விற்கிறார்கள். இரண்டு விற்பனையும் ஒரே நொடியில் நடக்கும். வரிக் கடமை விற்றவருக்கு, விற்றவர் அவர்கள்.

எடைமேடையை வியாபாரி என்று நினைத்துக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். முதல் மென்பொருளை விற்கத் தொடங்கியபோது, நான் வைத்திருந்த பணச் சேவையில் "தானாக வரி கணக்கிடு" என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன், பச்சை நிறம் வந்தது, மறந்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து ஆடிட்டர் வரி அறிக்கையைக் கேட்டார். இறக்கிப் பார்த்தால் வரிப் பத்தியில் மேலிருந்து கீழ்வரை சைபர், சைபர், சைபர். ஜெர்மனியும் சைபர், அயர்லாந்தும் சைபர். எந்த நாட்டிலும் நான் பதிவு எண் கொடுக்கவில்லை; பதிவு இல்லாத இடத்தில் அது வரி சேர்க்காது. சேர்க்கக் கூடாது என்பதும் சரிதான், பதிவில்லாமல் வரி என்று சொல்லி வசூலிப்பது தனிக் குற்றம். பொத்தான் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு இருந்தவன் நான். எட்டு மாதம் முன்பு வாங்கியவரிடம் போய் "வரி பாக்கி" என்று கேட்க முடியுமா? கைக்காசுதான்.

அந்த ஒரு காகிதம்

எந்தச் சேவை எந்த ரகம் என்று அறிய அவர்களுடைய விற்பனைப் பக்கங்களைப் படிக்க வேண்டாம். வாடிக்கையாளருக்குப் போகும் பில்லை வாங்கிப் பாருங்கள். நம் ஹங்கேரிக்காரரின் பில்லையே எடுத்துக்கொள்வோம்.

எம்.ஓ.ஆர். வழியாக விற்றிருந்தால் தலைப்பில் இருப்பது அந்த நிறுவனத்தின் பெயரும் முகவரியும். அதன் கீழே அவர்களுடைய வாட் எண்; ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து பதிவு செய்தவருக்கு இ, யு என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். வலது பக்கம் வாங்கியவர் முகவரி. நடுவில் ஒரே வரி: உங்கள் மென்பொருளின் பெயர், ஓராண்டு, ஒன்று. தொகை 22.83, வாட் 27 சதவீதம் 6.17, மொத்தம் 29.00. உங்கள் பெயர் சரக்கு வரியில் மட்டும். நீங்கள் அந்தப் பில்லில் தக்காளி.

வாங்குபவர் தனிநபராக இல்லாமல் கம்பெனியாக இருந்து, தன் வாட் எண்ணைக் கொடுத்தால் பில் மாறும். எம்.ஓ.ஆர். அந்த எண்ணை ஐரோப்பிய ஆணையத்தின் வி.ஐ.இ.எஸ். தளத்தில் சரிபார்த்து வரியை எடுத்துவிடும். வாங்கியவரே தன் நாட்டில் ரிவர்ஸ் சார்ஜாகக் கணக்குக் காட்டிக்கொள்வார் என்று கீழே ஒரு வாக்கியம் வரும். வரி சேர்ந்த விலை போட்டிருந்தால் கம்பெனிக்காரர் 22.83 கொடுப்பாரா 29 கொடுப்பாரா என்பது நீங்கள் வைத்திருக்கும் அமைப்பைப் பொறுத்தது. முதல் வாரத்திலேயே இதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

விலையில் வரியைச் சேர்ப்பதா, மேலே போடுவதா என்பதும் இங்கேயே வரும் கேள்வி. ஐரோப்பியத் தனிநபருக்கு அட்டையில் கண்ட விலைதான் கடைசி விலை; 29 என்று காட்டிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் 36.83 என்றால் ஓடிவிடுவார். நுகர்வோர் சட்டமும் வரி சேர்ந்த விலையைக் காட்டச் சொல்கிறது. அமெரிக்கருக்கு நேர்மாறாக, காபிக் கடையில்கூட வரி மேலேதான் வரும். அவருக்கு அது பழக்கம். யூரோ, பவுண்டு விலைகளில் வரியைச் சேர்த்தும் டாலர் விலையில் சேர்க்காமலும் வைப்பது என் வழக்கம். ஐரோப்பிய விலையை டாலர் விலையைவிடக் கொஞ்சம் உயர்த்தி வைத்துவிடுங்கள், மனம் வலிக்காது.

அந்தப் பில்லின் இன்னொரு பக்கம் வங்கிக் கணக்கு அறிக்கை. அதிலும் எம்.ஓ.ஆர். பெயர்தான் முதலில் வரும், உங்கள் கடைப் பெயர் அதன் வாலில் சுருங்கி ஒட்டிக்கொண்டிருக்கும். வாங்கியவருக்கு மூன்று மாதத்தில் மறந்துபோகும். "இது யார், நான் எதுவும் வாங்கவில்லையே" என்று வங்கிக்கு போன் செய்வார், சார்ஜ்பேக். பணம் திரும்பிப் போவதோடு அபராதக் கட்டணமும் சேரும். வாங்கிய உடனே போகும் மெயிலில், "உங்கள் கார்டு அறிக்கையில் இந்தப் பெயர் தெரியும்" என்று ஒரு வரி எழுதிவையுங்கள். பாதி வழக்குகள் அங்கேயே அடங்கும்.

இதற்கு என்ன விலை

பேடில், லெமன் ஸ்குவீஸி இரண்டின் அடிப்படைக் கட்டணமும் ஒரு விற்பனைக்கு 5 சதவீதமும் 50 சென்ட்டும். கம்ரோட் 10 சதவீதமும் 50 சென்ட்டும். ஒப்பிட, ஸ்ட்ரைப் அமெரிக்காவில் உள்ளூர்க் கார்டுக்கு வாங்குவது 2.9 சதவீதமும் 30 சென்ட்டும். வெளிநாட்டுக் கார்டு, நாணய மாற்றம், வரிக் கணக்கீடு எல்லாம் அதற்கு மேல்.

29 டாலர் சரக்குக்கு எம்.ஓ.ஆர். எடுப்பது 1.95. வேன்காரர் எடுப்பது 1.14. வித்தியாசம் 81 சென்ட். மாதம் 500 விற்றால் 405 டாலர். அதற்கு ஈடாக 27 நாட்டுப் படிவம், பிரிட்டன் படிவம், நாளைக்கு வரும் அமெரிக்க மாநிலங்கள், பத்தாண்டுச் சான்றுகள் எல்லாம் உங்கள் தலையிலிருந்து இறங்குகின்றன. எனக்கு இது மலிவு. மாதம் 5,000 விற்பவர் அதே கணக்கில் 4,050 டாலர் கூடுதலாகக் கொடுக்கிறார். அந்தப் பணத்தில் ஓர் ஆளையே வைத்துவிடலாம், அவர் யோசிக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது அந்த 50 சென்ட். 5 டாலர் சரக்குக்கு மொத்தக் கட்டணம் 75 சென்ட், அதாவது 15 சதவீதம். 300 டாலர் ஆண்டுச் சந்தாவுக்கு 15.50, ஐந்து சதவீதத்துக்குச் சற்றே மேல். மாதம் 5 டாலர் என்று விற்பதைவிட ஆண்டுக்கு 48 என்று விற்பதில் சலுகை கொடுத்த பிறகும் நடைமுறையில் உங்கள் கையில் அதிகம் நிற்கக்கூடும்: பன்னிரண்டு மாதம் நாலேகால் டாலர் என்றால் 51, அதுவும் எல்லா மாதமும் கார்டு ஓடினால். ஆண்டுக்கு வாங்கினால் 45.10, முதல் நாளே. ஆண்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது ஒருவர் விலகினாலே கணக்கு ஆண்டுச் சந்தா பக்கம் சாய்ந்துவிடும்.

சதவீதம் எந்தத் தொகையின் மேல் என்றும் கேளுங்கள். வரி சேர்ந்த மொத்தத்தின் மேல் என்றால், ஹங்கேரி அரசுக்குப் போகும் பணத்துக்கும் நீங்கள் கமிஷன் கொடுக்கிறீர்கள். பணம் திருப்பிக் கொடுத்தால் கட்டணம் திரும்ப வருமா, எந்த நாணயத்தில் தருவார்கள், மாற்று விகிதத்தில் எவ்வளவு உரசுவார்கள் என்பவையும் விலைப் பட்டியலின் அடிக்குறிப்பில்தான் இருக்கும்.

பணம் அவர்கள் பையில்

வியாபாரி மூட்டையை எடுத்துப் போன பிறகு பணம் தராவிட்டால்? எம்.ஓ.ஆர். முறையின் உண்மையான ஆபத்து இதுதான். வாடிக்கையாளர் கொடுத்த பணம் சட்டப்படி அவர்கள் விற்பனை வருமானம். சிலரிடமிருந்து மாதம் ஒருமுறைதான் உங்களுக்கு வரும். நடுவே அவர்கள் விழுந்தால் நீங்கள் கடன்கொடுத்தவர்கள் வரிசையில் நிற்கும் இன்னொருவர். இது கற்பனை இல்லை. 1994-இல் மினசோட்டாவில் தொடங்கி இந்தத் தொழிலுக்கே முன்னோடியாக இருந்த டிஜிட்டல் ரிவர் 2025 தொடக்கத்தில் அமெரிக்காவில் கடையை மூடியது. வரவேண்டிய தொகை வராமல் தவித்த விற்பனையாளர்கள் பலர். பழைய பெயர், பெரிய பெயர் என்பதெல்லாம் காப்பு இல்லை. குறைந்தபட்சத் தொகை சேர்ந்ததும் எடுத்துவிடுங்கள். ஒரு மாதம் தாமதமானால் மெயில், இரண்டாவது மாதம் தாமதமானால் செக்-அவுட்டை மாற்றும் வேலை.

வாடிக்கையாளர் பட்டியலும் இதே கதைதான். சந்தாக்காரர்களின் மெயில் முகவரி, கார்டு விவரம், புதுப்பிக்கும் தேதி இவற்றை வேறு சேவைக்கு மாற்றிக்கொண்டு போக விடுவார்களா என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கார்டு விவரம் நகராது என்றால், மாறும் நாளில் ஒவ்வொரு சந்தாக்காரரையும் மீண்டும் கார்டு போடச் சொல்ல வேண்டும். அதில் எத்தனை பேர் உதிர்வார்கள் என்பதைச் சந்தா விற்றவர்கள் அறிவார்கள்.

சேரும்போது அவர்கள் துருவித் துருவிக் கேட்பது எரிச்சலாக இருக்கும்: என்ன மென்பொருள், யார் வாங்குவார்கள், தளத்தில் விதிமுறைப் பக்கம் எங்கே, பணம் திருப்பும் கொள்கை எங்கே. விற்பவர் அவர்கள் என்பதால் பழியும் அவர்களுக்குத்தான். பேடில் நிறுவனம் ஏமாற்று டெக் சப்போர்ட் கும்பல்களுக்குப் பணம் வாங்கித் தந்ததாக அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டி, 2025 ஜூனில் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அதன் பிறகு யாரும் கண்ணை மூடிக்கொண்டு கணக்குத் திறந்து தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். தளத்தை முழுதாக முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

நம் ஊர்க் கணக்கு

இனி இந்தியாவில் இருந்து விற்பவருக்கு மட்டும். எம்.ஓ.ஆர். வந்துவிட்டதால் ஜி.எஸ்.டி. போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். உங்கள் வாடிக்கையாளர் மாறிவிட்டார், அவ்வளவுதான். முன்பு உலகம் முழுக்க 800 பேர். இப்போது லண்டனில் ஒரே ஒரு கம்பெனி. உங்கள் பில் அந்தக் கம்பெனிக்கு, மாதம் ஒன்று. அவர்கள் வசூலித்த வாட் உங்கள் விற்றுமுதலில் வராது.

அந்தப் பில் சேவை ஏற்றுமதி ஆகும்: விற்பவர் இந்தியாவில், பெறுபவர் வெளியே, வழங்கல் இடம் வெளியே, பணம் அந்நியச் செலாவணியில். ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி. சைபர் விகிதம். ஆனால் பதிவு செய்தவர் வரி கட்டாமல் பில் போட வேண்டுமானால் எல்.யு.டி. எனும் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். ஆர்.எஃப்.டி-11 என்ற படிவம், ஜி.எஸ்.டி. தளத்திலேயே பத்து நிமிட வேலை. ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகப் போட வேண்டும் என்பதைத்தான் எல்லாரும் ஏப்ரலில் மறக்கிறார்கள். சேவைக்கான பதிவு வரம்பு தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய். ஏற்றுமதியும் அந்தக் கூட்டலில் சேரும்.

வங்கியில் பணம் விழுந்தால் மட்டும் போதாது, அது வெளிநாட்டிலிருந்து வந்தது என்ற ஃபிரா சான்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள். எல்.யு.டி.யில் ஏற்றுமதி செய்த சேவைக்கு பில் தேதியிலிருந்து விதித்த கெடுவுக்குள் பணம் வந்தாக வேண்டும். வராவிட்டால் வரியை வட்டியோடு கட்ட நேரிடும். டிஜிட்டல் ரிவர் போல ஒருவர் உங்கள் பணத்தோடு மூடிவிட்டால், போன பணத்துக்கு வரியும் கேட்கப்படலாம் என்பது இதன் கசப்பான பொருள். அப்படி ஒரு நிலை வந்தால் கெடு முடியும்வரை காத்திராமல் ஆடிட்டரைப் பாருங்கள்.

எம்.ஓ.ஆர். ஒப்பந்தத்தில் அவர்கள் எடுப்பது தள்ளுபடியா, சேவைக் கட்டணமா என்று ஆடிட்டரிடம் காட்டுங்கள். கட்டணம் என்றால் அதை வெளிநாட்டிலிருந்து வாங்கிய சேவையாகக் கருதி, பதிவு பெற்ற நீங்கள் ரிவர்ஸ் சார்ஜில் 18 சதவீதம் கட்டிப் பின்பு திரும்பப் பெற வேண்டிய நிலை வரலாம். அமெரிக்க நிறுவனங்கள் சேரும்போதே டபிள்யூ-8பென் படிவம் கேட்பார்கள். கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் அதன் "இ" வடிவம். நீங்கள் அமெரிக்க வரிக் குடிமகன் இல்லை என்று சொல்லும் தாள் அது, பயப்பட ஒன்றும் இல்லை.

மதுரைக்காரருக்கு விற்பதை மட்டும் லண்டன் வழியாகச் சுற்றிவிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து இந்தியத் தனிநபருக்கு ஆன்லைன் சேவை விற்பவரும் இங்கே 18 சதவீதம் கட்ட வேண்டும், அதை எம்.ஓ.ஆர். சேர்த்தே வசூலிக்கும். வாங்குபவர் ரூபாயில் யு.பி.ஐ. கேட்பார். உள்ளூர்க் கம்பெனிக்கு உங்கள் ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் கிடைத்தால்தான் உள்ளீட்டு வரியை எளிதாக எடுக்க முடியும். ரேசர்பே போன்ற ஓர் உள்ளூர் கேட்வேயை இந்தியர்களுக்கென்று தனியாக வையுங்கள்: தமிழ்நாட்டுக்குள் 9-ம் 9-ம், வெளி மாநிலத்துக்கு ஐ.ஜி.எஸ்.டி. 18. இரண்டு வாசல் வைப்பது கோடில் ஒரு நாள் வேலை.

பெரிய கம்பெனிகள் வாங்க வரும்போது மூன்றாவது வாசல் ஒன்றும் தேவைப்படலாம். அவர்களுடைய கொள்முதல் பிரிவு உங்களை வென்டாராகச் சேர்த்திருக்கும், பில்லோ வேறொரு கம்பெனி பெயரில் வரும், தடுத்துவிடுவார்கள். அத்தகையவர்களுக்கு நேரடியாக இன்வாய்ஸ் அனுப்பி வங்கி வழியே வாங்கிக்கொள்ளலாம். ஐரோப்பியக் கம்பெனி என்றால் வாட் எண்ணை வாங்கிச் சரிபார்த்து, அந்தச் சரிபார்ப்பின் பிரதியைத் தேதியோடு சேமியுங்கள்.

எல்லாம் அமைத்த பிறகு, விளம்பரம் கொடுக்கும் முன், வெளிநாட்டில் இருக்கும் இரண்டு தெரிந்தவர்களைப் பிடியுங்கள். சிங்கப்பூரில் ஒரு சித்தப்பா, ஜெர்மனியில் படிக்கும் ஒரு தம்பி எப்படியும் இருப்பார்கள். நூறு சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் வேண்டாம். சைபர் தொகைக்கு வரியும் சைபர்தான் வரும், ஒன்றும் தெரியாது. தங்கள் கார்டில் முழு விலை கொடுத்து வாங்கச் சொல்லுங்கள். வந்த பில்லையும், சில நாள் கழித்துக் கார்டு அறிக்கையில் தெரிந்த வரியையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஜெர்மனி பில்லில் 19 சதவீதம் தனியாக நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு தலைப்பைப் பாருங்கள். அங்கே உங்கள் பெயரும், வரி எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடும் இருந்தால், இந்த அத்தியாயத்தின் முதல் பத்தி உங்களுக்குத்தான். பார்த்து முடித்ததும் இரண்டு பேருக்கும் பணத்தைத் திருப்பி அனுப்புங்கள். ரீஃபண்டில் வரியும் சேர்ந்து திரும்புகிறதா என்ற சோதனையும் அதோடு முடிந்துவிடும்.